நமட்ஜிராவின் மலைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாலைநில ஓவியர்களைப் பற்றி எழுதியபோது ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிராவை மிக உயர்வாகச் சொல்லியிருந்தீர்கள். அவருடைய நீர்வண்ண ஓவியங்களைத் தேடிப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் காலண்டர் படம்போல. யாரோ ஓர் ஐரோப்பியர் வரைந்தது என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன். அதே பாலையிலிருந்து வந்த புள்ளி ஓவியங்களில்தானே அந்த மக்களின் பண்பாடு தெரிகிறது? இவரை ஏன் கொண்டாட வேண்டும்?

ம.

அன்புள்ள ம.,

அவர் உயிரோடு இருந்தபோதே விமர்சகர்கள் பலர் இதைத்தான் சொன்னார்கள். மக்கள் படங்களை ஆசையாக வாங்கினார்கள். விமர்சகர்களோ, வெள்ளைக்காரர் பாணியை நன்றாகப் பழகிக்கொண்ட பழங்குடி என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

பாணி வெளியிலிருந்து வந்தது, சரி. நமட்ஜிரா 1902-ல் மத்திய ஆஸ்திரேலியாவின் ஹெர்மன்ஸ்பர்க் என்ற லூத்தரன் மிஷன் குடியிருப்பில் பிறந்த அரண்டா இனத்தவர். 1934-ல் ரெக்ஸ் பாட்டர்பி என்ற ஓவியர் அங்கே ஒரு கண்காட்சி வைத்தார். 1936-ல் அவர் மறுபடி வந்தபோது நமட்ஜிரா ஒட்டகங்களைப் பார்த்துக்கொண்டு அவருடன் மலைகளுக்குப் போனார். பதிலுக்கு நீர்வண்ணம் கற்றுக்கொண்டார். இரண்டே வருடத்தில் மெல்போர்னில் தனிக் கண்காட்சி. வைத்த 41 படங்களும் விற்றுப்போயின.

பாட்டர்பி தூரிகை பிடிக்கக் கற்றுத் தந்தார். அந்த நிலத்தைப் பார்க்க நமட்ஜிராவுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. பதின்ம வயதில் அரண்டா முறைப்படி தீட்சை பெற்றவர் அவர். எந்தப் பள்ளத்தாக்கு எந்த மூதாதையின் வழி, எந்த இடத்தைப் பற்றிப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்பதெல்லாம் அவர் வளர்ந்த சூழலிலேயே இருந்தது. சங்கப் பாடல் படிக்கிறவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. நம் திணையிலும் நிலம் என்றால் அதன் தெய்வம், மரம், பறவை, அங்கே வாழ்கிறவர்களின் மனநிலை எல்லாம் சேர்ந்துதானே வருகின்றன.

இதை மனதில் வைத்துக்கொண்டு அவருடைய படங்களில் மரங்களைப் பாருங்கள். 'கோஸ்ட் கம்' என்று அழைக்கப்படும் வெண்பட்டை மரம் முன்னால் நிற்கும். காட்சிக்குச் சட்டம் போடுவதற்காக அவர் அதை வரையவில்லை. தண்டின் முடிச்சு, கிளை முறிந்த வடு, பட்டையில் விழும் நீலநிழல் எல்லாம் ஒரு மனித முகத்தை வரைகிற கவனத்தோடு இருக்கும். பல படங்களில் அந்த மரம்தான் ஆள். பின்னால் தெரியும் மலையும் வெறும் பின்னணி ஆகிவிடாது. தூரத்து மலையை மங்கலாக்கிக் காட்டும் வழக்கத்தை விட்டுவிட்டு, மடிப்பும் விரிசலும் தெரிய அதைக் கிட்டே கொண்டுவருகிறார். சோண்டர் மலையை அவர் திரும்பத் திரும்ப வரைந்ததைப் பாருங்கள், நான் சொல்வது புரியும். அப்புறம் அந்த ஊதாவும் செம்மண் நிறமும். கற்பனை என்று தோன்றலாம். மெக்டோனல் மலைத்தொடரில் இரும்பு ஏறிய பாறைகள் காலையிலும் மாலையிலும் உண்மையாகவே அந்த நிறங்களைக் காட்டுகின்றன.

புள்ளி ஓவியங்கள் எனக்கும் மிகப் பிடிக்கும். ஆனால் பலகையிலும் துணியிலும் அக்ரிலிக் வண்ணத்தால் வரையும் அந்த இயக்கம் 1971-ல் பப்புன்யா என்ற குடியிருப்பில், பள்ளி ஆசிரியர் ஜெஃப்ரி பார்டன் வந்த காலத்தில்தான் தொடங்கியது. மணலிலும் உடம்பிலும் வரைந்துவந்த தொன்மையான குறிகள் வெளியிலிருந்து வந்த வண்ணத்தில் ஏறின. நமட்ஜிரா நீர்வண்ணத்தை எடுத்துக்கொண்டது மட்டும் எப்படிப் போலியாகும்? பழங்குடி ஓவியர் என்றால் நாம் எதிர்பார்க்கும் வடிவத்தில்தான் வரைய வேண்டும் என்று கேட்பது அவருக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

முதல் அநியாயம் சட்டம் செய்தது. நாடறிந்த ஓவியரான பிறகும் மேய்ச்சல் நிலக் குத்தகை கேட்டுக் கிடைக்கவில்லை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வீடு கட்டவும் அனுமதியில்லை. 1957-ல் அவருக்கும் மனைவிக்கும் மட்டும் முழுக் குடியுரிமை தந்தார்கள், பிள்ளைகளுக்கு இல்லை. அவர் மது வாங்கலாம், உறவினருக்குக் கொடுத்தால் குற்றம். இருப்பதைச் சொந்தங்களோடு பகிர்வது கடமை என்று வாழும் சமூகத்தில் இது எவ்வளவு கொடுமையான நிபந்தனை! 1958-ல் அதற்காகவே தண்டிக்கப்பட்டார். பப்புன்யாவில்தான் அந்தத் தண்டனையைக் கழித்தார், நீங்கள் விரும்பும் புள்ளி ஓவியங்கள் பிற்பாடு தொடங்கிய அதே ஊரில். வெளியே வந்த சில மாதங்களில், 1959 ஆகஸ்டில் இறந்துபோனார்.

படங்களின் பதிப்புரிமையும் குடும்பத்துக்கு நிலைக்கவில்லை. 1983-ல் அரசின் பொது அறங்காவலர் அலுவலகம் அதை 8,500 டாலருக்கு ஒரு பதிப்பகத்திடம் விற்றுவிட்டது. 2017-ல்தான் அது குடும்பத்தினரின் அறக்கட்டளைக்குத் திரும்ப வந்தது.

அவருடைய கொள்ளுப்பேரன் வின்சென்ட் நமட்ஜிராவும் ஓவியர். ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற உருவப்பட விருதான ஆர்ச்சிபால்ட் பரிசை 2020-ல் பெற்றார். அதைப் பெற்ற முதல் பழங்குடி ஓவியர் அவர்தான். 1956-ல் அதே பரிசு, வில்லியம் டார்கி வரைந்த ஆல்பர்ட் நமட்ஜிராவின் உருவப்படத்துக்குக் கிடைத்திருந்தது. இரண்டு படங்களையும் தேடிப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், வின்சென்ட்டைப் பற்றித் தனியாகவே பேச நிறைய இருக்கிறது.