பரணில் கிடக்கும் பழைய வால்வு டிவியை மறுபடி ஓட வைக்க முடியுமா?

முடியும். ஆனால் ப்ளக்கைச் செருகிப் பார்த்துவிடலாம் என்ற ஆசையை மட்டும் இப்போதைக்கு அடக்கிக்கொள்ளுங்கள்.

தாத்தா வாங்கிய கறுப்பு வெள்ளை டிவி, ஷட்டர் கதவு வைத்த மரப்பெட்டி, பின்மூடி ஓட்டை வழியே கண்ணாடி வால்வுகள் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய வெற்றிடக் குழாய்கள்) தெரிகின்றன என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியதை ஒட்டி வந்த தலைமுறையாக இருக்க வேண்டும். டயனோரா, சாலிடேர் என்று சென்னையிலேயே தயாரான பெட்டிகள் அன்று வீடுகளில் பெருமையாக வைத்திருந்தவை. அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவும் ஹைப்ரிட். சிறிய சிக்னல் வேலைக்கு டிரான்சிஸ்டர், வோல்டேஜ் அதிகம் வேண்டிய இடங்களில் வால்வு. இவற்றைச் சரிசெய்வது எனக்குப் பல வருடப் பழக்கம், அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் உயிர் பாதுகாப்பு. இவற்றில் பலவற்றுக்கு மெயின் டிரான்ஸ்பார்மர் கிடையாது. 230 வோல்ட் லைனின் ஒரு முனை நேரடியாகச் சேசிஸில், அதாவது பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டத்தில், சேர்கிறது. இரண்டு பின் ப்ளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸ் முழுக்க ஃபேஸ். மெயின் லைனிலிருந்து பெட்டியைப் பிரித்து வைக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல், பின்மூடி திறந்த நிலையில் கரண்ட் கொடுக்கவே கூடாது. அடுத்தது பிக்சர் டியூப். அதன் கண்ணாடிக்கு உள்ளும் வெளியும் பூசிய கறுப்புப் பூச்சுகள் சேர்ந்து ஒரு பெரிய கண்டென்சராகின்றன. ஓடும்போது 15 ஆயிரம் வோல்ட் அளவுக்கு ஏறும் மின்னழுத்தம், ஸ்விட்சை அணைத்த பிறகும் அதில் தங்கும். டியூபின் வெளிப்பூச்சோடு இணைந்த எர்த் ஒயரை நல்ல கைப்பிடி உள்ள ஸ்க்ரூ டிரைவரில் கட்டி, உயர் மின்னழுத்த ஒயர் டியூபில் சேரும் ஆனோடு மூடியின் ரப்பருக்கு அடியில் நுழைத்து டிஸ்சார்ஜ் செய்த பின்பே கை வைக்க வேண்டும். டியூபின் கழுத்துதான் மிக மெல்லிய இடம். அதைப் பிடித்துத் தூக்கினால் உடைந்துவிடும்.

இனி, இந்த டிவிக்கு உழைக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பவை இரண்டே பாகங்கள்: பிக்சர் டியூப், அப்புறம் மெக்கானிக்குகள் 'ஈஹெச்டி' என்று சொல்லும் லைன் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் (டியூபுக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தருவது). மற்ற எதற்கும் மாற்று உண்டு, இந்த இரண்டும் கிடைப்பதுதான் கஷ்டம். மீட்டரை வைத்து டியூபின் ஹீட்டர் (உள்ளே சூடாகும் இழை) அறுபடாமல் இருக்கிறதா என்று கன்டினியூட்டி பாருங்கள். ஈஹெச்டியின் சுற்றில் மெழுகு உருகி வழிந்திருக்கிறதா, விரிசலோ கருகலோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வால்வுகளின் உச்சியில் வெள்ளிப் பூச்சு மாதிரி பளபளப்பது நல்லது. அது பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது. ஹீட்டர்கள் தொடராக இணைக்கப்பட்டவை, ஓடுவது 300 மில்லி ஆம்பியர். அதனால் ஒரே ஒரு வால்வின் ஹீட்டர் அறுந்தால்கூடச் சங்கிலி மொத்தமும் அணைந்துவிடும். டியூபே போய்விட்டது என்று பலர் கைவிடும் பெட்டியில் உண்மையில் ஒரே ஒரு வால்வுதான் போயிருக்கும்.

நேராகக் கரண்ட் கொடுக்கக் கூடாது என்பதற்கு முக்கியக் காரணம் எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்கள். அலுமினியத் தகட்டின் மேலுள்ள ஆக்சைடு படலம்தான் அவற்றில் மின்காப்பு. வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் அது மெலிந்துவிடும். திடீரென்று முழு வோல்டேஜ் விழுந்தால் ஷார்ட் ஆகி, தன்னோடு ரெக்டிஃபையரையும் (ஏசியை டிசியாக்கும் பாகம்) இழுத்துக்கொண்டு போகும். வெளியே எடுத்து, ஒரு ரெசிஸ்டர் வழியாகக் குறைந்த வோல்டேஜிலிருந்து மெதுவாக ஏற்றினால் சிலவற்றில் படலம் மறுபடி உருவாகும். ஆனாலும் புதிதாக மாற்றுவதே என் பழக்கம். பழைய டப்பாவை மட்டும் அதே இடத்தில் விட்டு, புதியதைச் சேசிஸுக்கு அடியில் வைத்துச் சால்டர் செய்கிறேன். லைன் அவுட்புட் பக்கமுள்ள பூஸ்ட் கண்டென்சரையும், அவுட்புட் வால்வுகளின் கிரிட்டுக்கு (வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை) போகும் கப்ளிங் கண்டென்சர்களையும் கட்டாயம் மாற்றுங்கள். அவை லீக் ஆனால் வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும்.

முதல் தடவை ஆன் செய்யும்போது, ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மரோடு ஒரு சீரிஸ் பல்பும் (லைனில் தொடராக இணைத்த குண்டு பல்பு) இருக்கட்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுக்கும். அறையை இருட்டாக்கி, லைன் அவுட்புட் வால்வை மட்டும் கவனியுங்கள். பெரும்பாலும் அது பிஎல்504. அதன் ஆனோடு தகடு சிவக்க ஆரம்பித்தால் லைன் ஆஸிலேட்டரிலிருந்து டிரைவ், அதாவது அந்த வால்வை இயக்கும் சிக்னல், வரவில்லை என்று பொருள். அந்த நொடியே அணைத்துவிடுங்கள், தாமதித்தால் ஈஹெச்டியும் சேர்ந்து போகும். எல்லாம் சரியாக இருந்தால் மெல்லிய கீச்சொலி கேட்கும், 15,625 ஹெர்ட்ஸ். வயதானவர்களுக்குக் கேட்காது, பக்கத்தில் ஒரு சின்னப் பையனை நிறுத்திக் கேளுங்கள். திரையின் நடுவில் ஒரே ஒரு படுக்கைக் கோடு வந்தால் பயப்பட வேண்டாம், படத்தை மேலும் கீழும் விரிக்கும் ஃபிரேம் பகுதியில் மட்டும்தான் கோளாறு. பிரைட்னெஸை உடனே குறையுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கோடு திரையின் ஒளிரும் பூச்சான பாஸ்பரில் தழும்பாகப் பதிந்துவிடும்.

படம் எங்கிருந்து வரும்? தூர்தர்ஷனின் அனலாக் தரைவழி ஒளிபரப்பு ஏறக்குறைய முழுவதும் நின்றுவிட்டது. செட்டாப் பாக்ஸின் ஏவி வெளியீட்டை, அதை டிவி சேனல் சிக்னலாக மாற்றும் ஆர்எஃப் மாடுலேட்டர் வழியாக ஆன்டெனா சாக்கெட்டில் கொடுக்க வேண்டும். வாங்கும்போது இரண்டைக் கேட்டு வாங்குங்கள். விஹெச்எஃப் சேனலில் வெளியீடு இருக்க வேண்டும், படத்துக்கும் ஒலிக்குமான அலைவரிசை இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ் ஆக இருக்க வேண்டும். 4.5 உள்ள மாடுலேட்டரில் படம் வரலாம், சத்தம் வராது.

பெட்டியைச் சுரண்டி வார்னிஷ் அடிக்காதீர்கள். கரையான் இருக்கிறதா என்று பார்த்து, அழுக்கைத் துடைத்து, தேவைப்பட்ட இடத்தில் அரக்குப் பாலிஷ் போதும். உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கிவிட்டு எல்சிடி திரை பொருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளவே வேண்டாம். அதன்பின் மிஞ்சுவது ஒரு மர அலமாரிதான். எலக்ட்ரான் கற்றை ஓடி வரைகிற படத்துக்காகத்தானே இவ்வளவு பாடும்.

வால்வுகளைக் கழற்றும் முன் ஒவ்வொன்றின் எண்ணும் இடமும் தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்மூடியின் உட்புறத்தில் சர்க்யூட் படம் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் கிழிந்துவிடாமல் அதைத்தான் முதலில் பத்திரப்படுத்த வேண்டும்.