ஒரு வாரம் வன்னிக்குப் படம் எடுக்கப் போகிறேன். கையில் கனன் 55-250 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் 150-600 டெலி லென்ஸ் வாங்கவா?

வாங்காதீர்கள். ஆசை விடவில்லை என்றால் இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். நான் கிளிநொச்சிக்காரன். இதே கேள்வியோடு ஒரு வருஷம் அலைந்தவன். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

நீங்கள் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து, இங்கே மோட்டார் சைக்கிளில் திரியப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சிக்மா கம்பனியின் 150-600 கன்டெம்பரரி லென்ஸ் ஏறக்குறைய 2 கிலோ. உங்களிடம் இருப்பது 55-250 இன் எஸ்டிஎம் வகை என்றால் 375 கிராம். கடையில் தூக்கிப் பார்க்கும்போது அந்தப் பாரம் பெரிதாகத் தெரியாது. பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம் என்று மன்னார் வரைக்கும் தோளில் தொங்கவிட்டு ஓடினால் தெரியும்.

நான் அப்படித்தான் ஓடினேன். தை மாதம். யாழ்ப்பாணத்தில் மூன்று நாள் வாடகைக்கு எடுத்த 150-600. 2010 இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த, மன்னாருக்குக் கிட்ட உள்ள வங்காலைச் சரணாலயத்துக்கு, பூநாரைகளுக்காகப் போனேன். தள்ளாடி என்ற இடத்துப் பக்கம் போய்ச் சேர காலை பத்தரை மணி. தரவை என்கிற வெட்டவெளிக்கு அப்பால் தண்ணீரில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. அத்தனையும் பூநாரை. நானூறு படம் எடுத்திருப்பேன். இரவு அறையில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றிலும் கண் தெளிவில்லை, கால் தெளிவில்லை. தண்ணீரில் சாயம் கரைந்த மாதிரி இருந்தது. லென்ஸ் பழுது என்று கடைக்காரருக்குப் போன் எடுத்துக் கத்தினேன். அதற்கு இன்றைக்கும் வருத்தப்படுகிறேன், ஏனென்றால் பழுது லென்ஸில் இல்லை. வெயில் ஏற ஏறத் தரவைக்கு மேலே காற்று கொதித்து அலையும். பறவையைக் கிட்டக் கொண்டுவரும் லென்ஸ் அந்தக் கானலையும் சேர்த்துத்தான் கொண்டுவரும். எத்தனை லட்சம் கொடுத்தாலும் அதற்கு மருந்து கிடையாது.

தெருவோரத்தில் வலை உலர்த்திய ஒரு ஐயா பகலிலேயே சொன்னவர், “தம்பி, விடிய வாரும்” என்று. மறுநாள் ஆறேகாலுக்கு அங்கே நின்றேன். கானல் இல்லை, ஆனால் வெளிச்சமும் இல்லை. 600 இல் லென்ஸின் துவாரம் எப் 6.3 க்கு மேல் திறக்காது, உள்ளே வரும் வெளிச்சம் குறைவு. கமராவின் வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவை 3200 க்கு ஏற்றி, உரப்பையில் மணல் அள்ளி மோட்டார் சைக்கிள் சீற்றில் வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்து எடுத்ததில் நாலைந்து தேறியது. அப்புறம் கூட்டம் முழுக்க எழும்பித் தலைக்கு மேலால் பறந்தது. 600 இல் ஒரு செட்டையைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. மற்றக் கமராவில் கிடந்த 55-250 ஐ எடுத்தேன். இன்றைக்கு என் வீட்டுச் சுவரில் தொங்குவது அந்தப் படம்தான்.

பறவை ஆட்கள் சண்டைக்கு வர வேண்டாம். நண்டுதின்னி, உள்ளான் மாதிரிச் சின்னக் கரைப்பறவைகளுக்கு 600 வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் ஊர் பார்க்க வருகிறார். இரணைமடுக் குளக்கட்டில் பின்னேரம் நிற்க 250 தாராளம். சின்னச் சென்சர் உள்ள 1.6 குரொப் கமரா என்றால் அது 400 போலத்தான் வேலை செய்யும். மிச்சக் காசுக்கு இன்னும் இரண்டு நாள் தங்குங்கள். வலசைப் பறவைகள் ஐப்பசியிலிருந்து பங்குனி வரை நிற்கும். உப்புக்காற்று பட்ட லென்ஸை அன்றன்றைக்கே துடையுங்கள். இராணுவ முகாம் வேலிப் பக்கம் கமராவையே எடுக்காதீர்கள்.

இன்னொன்று. கேள்வியில் இது இல்லை, ஆனாலும் டெலி லென்ஸ் என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு இதுதான் ஞாபகம் வரும். ஒருநாள் அம்மா தெருவோரத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரு வான் தூரத்தில் நின்றது. யன்னலுக்குள்ளிருந்து நீளமாக ஒரு லென்ஸ். யாரும் இறங்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடினார். சில மாதம் கழித்து அந்தப் படத்தை இணையத்தில் பார்த்தேன். போரில் எல்லாவற்றையும் இழந்து அழும் தாய் என்று கீழே எழுதியிருந்தது. அம்மா அழவில்லை. வெட்கப்பட்டு முகத்தை மூடியவர். இறங்கி வந்து கேட்டிருந்தால் தேத்தண்ணி கொடுத்து, அந்தப் போகம் நல்ல விளைச்சல் என்றும் சொல்லியிருப்பார்.