பாய்மரப் படம் காட்டி விற்கிறார்கள்: வாங்குவோர் கேள்வி-பதில்

கொழிஞ்சாம்பாறை வாசகி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். பொள்ளாச்சி டிராவல்ஸ் ஒன்றில் ஈக்வடார் நாட்டின் கலாபகோஸ் தீவுகளுக்குப் பிப்ரவரி மாதப் பாய்மரப் படகுப் பயணத்துக்கு இரண்டு லட்சம் அட்வான்ஸ் கட்டினேன். ஆல்பட்ராஸ் பறவை பார்க்கலாம் என்று நோட்டீஸில் இருந்தது. இப்போது பூங்காக் கட்டணம் தனி, படகும் மாறலாம் என்கிறார்கள். வேண்டாம் என்றால் பணம் வராதாம். நான் கேரளம், கடை தமிழ்நாடு. எங்கே முறையிடுவது?

பாலக்காட்டிலேயே முறையிடலாம் அம்மா. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கடை எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பது உங்களுக்குத் தடையே இல்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதமும் போடுங்கள்.

அந்த நோட்டீஸைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது. நீங்கள் சொல்லும் ஆல்பட்ராஸ் அநேகமாக முழுக்க முழுக்க எஸ்பனோலா என்ற ஒரே தீவில் கூடு கட்டுவது. ஏப்ரல் வாக்கில் வந்து டிசம்பர் கடைசிக்குள் கடலுக்குப் போய்விடும். பிப்ரவரியில் அங்கே அதைப் பார்க்க முடியாது. வெளிநாட்டுப் பெரியவர்களுக்குப் பூங்கா நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டிலிருந்து 200 டாலர். அதற்கு முன் 100. அதுபோக 20 டாலருக்கு ஒரு பயண அட்டை வாங்க வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த கணக்கு இது. முதலில் ஒரு விலை சொல்லி, பணம் கைக்கு வந்தபின் மேலே ஏற்றுவதை முறையற்ற வணிக உத்தி என்று இணையவழி விற்பனைக்காக 2023 நவம்பரில் வந்த மத்திய வழிகாட்டுதல்களே சொல்கின்றன. விடாதீர்கள். வாழ்நாள் சேமிப்பை இப்படிப் பறிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொதிக்கிறது.

வேலந்தாவளம் வாசகர்: சாதாரண என்ஜின் படகைவிடப் பாய்மரப் படகுக்கு விலை கூடக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பாய்க்காக என்றால் கொடுக்காதீர்கள். இந்தப் பாய்மரப் படத்தின் மேல் எனக்கு வெகுநாள் கோபம். என் மேசையில் ஒரு நோட்டீஸ் கிடக்கிறது: நீலக் கடல், காற்றில் புடைத்த மூன்று வெள்ளைப் பாய், கீழ் மூலையில் எறும்பு எழுத்தில் ‘படம் மாதிரிக்கு மட்டும்’. அந்த ஒரு வரிக்குப் பின்னால் எல்லாரும் ஒளிந்துகொள்கிறார்கள்.

அங்கே நடப்பது வேறு. கலாபகோஸ் நிலப்பரப்பில் 97 சதவீதம் தேசியப் பூங்கா. எந்தப் படகு, எந்த நாள், எந்தக் கரையில் இறங்க வேண்டும் என்று பூங்கா நிர்வாகமே அட்டவணை போட்டுக் கொடுக்கிறது. உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் இறங்கவே முடியாது. காலையில் அடுத்த தீவில் நிற்க வேண்டுமென்றால் ராத்திரி முழுக்க என்ஜின் ஓடித்தான் ஆக வேண்டும். பூமத்திய ரேகை மேலேயே கிடக்கும் தீவுகள், காற்றும் பல நாள் சோர்ந்துவிடும். பாயை விரிப்பது பெரும்பாலும் ஒரு மணி, இரண்டு மணி நேரம், போட்டோவுக்காக.

ஆகவே மூன்று விஷயத்தை எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, படகின் பெயர்; ‘அதற்கு இணையான படகு’ என்ற சொல்லை அடித்துவிடச் சொல்லுங்கள். இரண்டு, எந்தெந்தத் தீவு; பறக்காத நீர்க்காகம் மேற்கே ஃபெர்னாண்டினா, இசபெலா இரண்டில்தான் உண்டு, கிழக்குச் சுற்றில் போகிறவர் அதைப் பார்க்கவே முடியாது. மூன்று, உங்கள் அறை என்ஜினுக்கு எவ்வளவு பக்கம். சின்னப் படகில் கூட்டம் குறைவு, கடல் உடும்புகள் வெயில் காயும் பாறையருகே நிதானமாக நிற்கலாம் என்றால் அதற்குக் கூடுதலாகக் கொடுங்கள், தப்பில்லை.

வண்ணாமடை வாசகர்: அந்தமான் பேரன் (Barren) தீவு எரிமலையில் ஏற இன்ஸ்டாகிராம் விளம்பரம் பார்த்து ஜிபேயில் 18,000 அனுப்பினேன். ரசீது இல்லை. இப்போது போன் எடுப்பதில்லை.

எப்போது அனுப்பினீர்கள் என்றுகூட எழுதவில்லை. உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் பேசுங்கள், வங்கிக்கும் எழுதிக் கொடுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் உங்களுக்கு நஷ்டம். பேரன் தீவு இந்தியாவில் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை. போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 140 கிலோமீட்டர். சுற்றுலாப் பயணிகள் கப்பலிலிருந்து பார்க்கலாம்; கரையில் இறங்க அனுமதி இல்லை. ஐந்து நிமிடம் விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். பெயர் தெரியாதவருக்கு, ரசீது இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது?

மீனாட்சிபுரம் வாசகர்: படகுப் பயணத்துக்கு பைனாகுலர் 8x42 வாங்கவா, 10x50 வாங்கவா?

எட்டு. ஆடுகிற படகில் பத்து மடங்கு காட்டினால் பறவையும் சேர்ந்து ஆடும். கோவையில் ஒரு கடையில் ‘வாட்டர்புரூஃப்’ என்று சொல்லி எனக்கு ஒன்றைத் தலையில் கட்டினார்கள். கடல் ஈரத்தில் கண்ணாடிக்கு உள்ளேயே பனி படர்ந்தது. எதிர்ப்பக்கத் தெரு தாண்டி எதுவும் தெரியவில்லை. ‘நீர் தெறிப்பு தாங்கும்’ என்றுதான் பெட்டியில் இருக்கிறது, மாற்ற முடியாது என்றார்கள். நைட்ரஜன் நிரப்பியது என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கலாபகோஸுக்குப் பெரிய லென்ஸ் வாடகைக்கு எடுக்க வேண்டாம். அங்கே விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் விலகி நில் என்பதுதான் விதி, அவை ஓடுவதில்லை.

கோவிந்தாபுரம் வாசகி: ஈக்வடார் போக மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவையில்லை என்கிறார் ஏஜென்ட்.

திரும்பி வரும்போது இந்தியா கேட்கும். சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு போடுங்கள்.

எருத்தேம்பதி வாசகர்: பேக்கேஜில் டி.சி.எஸ். என்று ஒரு தொகை பிடித்தார்கள். போனது போனதுதானா?

போகவில்லை. அது ஏஜென்ட் உங்களிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி. உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்க வேண்டும். உங்கள் வரி வரவைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் பாருங்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மிச்சமிருந்தால் திரும்ப வாங்கலாம். வரவாகவில்லை என்றால் ஏஜென்ட் கட்டாமலோ சரியாகக் கணக்குக் காட்டாமலோ இருக்கலாம். ரசீதோடு போய்க் கேளுங்கள்.