இரிடியம் கறுப்பு: சாம்பல் நிறத்துக்காக வாங்கலாமா?

கேள்வி: வெள்ளைப் பீங்கான் தட்டுகளில் ஓவியம் தீட்டிச் சிறிய மின்சூளையில் 800 டிகிரி செல்சியஸில் சுடுகிறேன். கறுப்பை மெல்லியதாகப் பூசிச் சாம்பல் நிறம் எடுக்கப் பார்த்தால் நீலம் அடிக்கிறது. பழைய செய்முறைக் குறிப்பு ஒன்று ‘இரிடியம் கறுப்பு’ சேர்க்கச் சொல்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஆனால் குறிப்பில் இருப்பது தவறில்லை. எதற்காக அப்படி எழுதினார்கள் என்று தெரிந்துகொண்டால் உங்கள் சிக்கலுக்கும் வழி பிறக்கும்.

நீலம் கோபால்ட்டிலிருந்து வருகிறது. கடைகளில் விற்கும் பீங்கான் கறுப்புகள் பெரும்பாலும் கோபால்ட், இரும்பு, குரோமியம், மாங்கனீசு ஆக்சைடுகளில் சிலவற்றைக் கலந்து சுட்டு அரைத்தவை. கெட்டியாகப் பூசினால் எல்லாம் சேர்ந்து ஒளியை விழுங்கிக் கறுப்பாகத் தெரியும். மெல்லியதாகப் பூசும்போது வலுவான சாயல் மேலே வந்துவிடும். சூளையில் வண்ணம் உருகிக் கண்ணாடியாகப் படியும். அந்தக் கண்ணாடியில் கோபால்ட் துளி இருந்தாலும் நீலம் காட்டும். இரும்பு மிகுந்த கறுப்பு என்றால் பழுப்பு அடிக்கும்.

உங்கள் குறிப்பு சொல்லும் ‘இரிடியம் கறுப்பு’ என்பது இரிடியம் ஆக்சைடு. அதற்கு இந்தத் தொல்லை இல்லை. 1803இல் லண்டனில் ஸ்மித்சன் டெனன்ட், பிளாட்டினத் தாதுவை இராஜ திராவகம் என்னும் வலிய அமிலக் கலவையில் கரைத்தபின் கரையாமல் நின்ற கரிய வண்டலிலிருந்து கண்டுபிடித்த உலோகம் இரிடியம். அதன் ஆக்சைடு தன்னளவிலேயே கறுப்பு. உருகிய கண்ணாடியிலும் எளிதில் கரையாமல் நுண்துகளாகவே தங்குவதால், எவ்வளவு நீர்த்தாலும் வேறு சாயல் காட்டாமல் சாம்பலாக வெளிறும். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பீங்கான் ஓவியர்கள் அதை விரும்பியது இதற்காகத்தான். அந்த மென்சாம்பல் உண்மையிலேயே அழகானது. சுமார் 1,100 டிகிரியில் ஆக்சைடு ஆக்சிஜனை இழந்து உலோகமாகத் திரும்பிவிடும். உங்கள் 800 டிகிரிச் சூட்டில் அந்தக் கவலை இல்லை.

தடை விலைதான். உலகில் ஆண்டுக்குச் சில டன்களே கிடைக்கும் உலோகம் இது. பெரும்பங்கு தென்னாப்பிரிக்கப் பிளாட்டினச் சுரங்கங்களின் துணை விளைபொருள். 2021இல் ஒரு அவுன்ஸ் 6,000 டாலரைத் தாண்டியது. அவுன்ஸுக்கு 31.1 கிராம் என்றால் கிராமுக்குச் சுமார் 200 டாலர். ஹைட்ரஜன் தயாரிக்கும் மின்பகுப்புக் கருவிகளுக்கும் குளோரின் ஆலைகளின் மின்முனைகளுக்கும் இது தேவைப்படுவதால் போட்டி கடுமை.

இன்னொன்று: வேதிப்பொருள் பட்டியல்களில் ‘இரிடியம் பிளாக்’ என்று விற்பது பெரும்பாலும் வினையூக்கியாகப் பயன்படும் உலோக நுண்தூள். பெயர் ஒத்திருக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். பிளாட்டினக் குடும்ப உலோகங்களின் நுண்தூள் எரியக்கூடிய ஆவிகளோடு சேர்ந்தால் தீப்பற்றும் அபாயம் உண்டு. டர்பன்டைனில் குழைத்து வேலை செய்பவர் அதைத் தொடவே கூடாது.

இப்போது செய்யவேண்டியது இதுதான். உங்கள் கறுப்போடு அதே தயாரிப்பாளரின் இரும்புப் பழுப்பைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். நூறு பங்குக்கு ஐந்தில் தொடங்கி, ஐந்தைந்தாக ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு கலவையையும் வெள்ளைப் பீங்கான் ஓட்டுத் துண்டில் கெட்டி, நடுத்தரம், மெல்லியது என மூன்று பட்டையாகப் பூசி, வழக்கமான சூட்டிலேயே சுடுங்கள். பகல் வெளிச்சத்தில் மெல்லிய பட்டையைப் பாருங்கள். கெட்டிப் பட்டை எதையும் சொல்லாது. கோபால்ட் இல்லாத கறுப்பு கிடைத்தால் அதிலிருந்து தொடங்குவது இன்னும் எளிது. சாம்பலை வெளிறச் செய்ய நிறமற்ற ஃபிளக்ஸ் தூளையே (வண்ணத்தை உருகச் செய்து பீங்கானோடு ஒட்டவைக்கும் கண்ணாடித் தூள்) சேருங்கள். வெள்ளை வேண்டுமென்று துத்தநாகமோ வெள்ளீயமோ உள்ள கலவையைச் சேர்த்தால், கறுப்பில் உள்ள குரோமியம் முன்னதோடு பழுப்பாகவும் பின்னதோடு இளஞ்சிவப்பாகவும் திரும்பக்கூடும்.

உலர்ந்த தூளைக் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம். கோபால்ட், மாங்கனீசுத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. சாப்பிடும் தட்டு என்றால் ஓவியத்தை விளிம்போடு நிறுத்துங்கள், உணவு படும் நடுப்பகுதியில் வேண்டாம்.