அணுசக்திக் கப்பலை அணு உலை நேரடியாகவா ஓட்டுகிறது?

அணு வெடிக்கிற விசைதான் கப்பலைத் தள்ளுகிறது என்று நண்பன் சொன்னானாம், உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளை போல. இல்லை, உலை தண்ணீரைச் சூடாக்கும், அவ்வளவுதான்.

முதலே சொல்லிவிடுகிறேன், நான் பொறியியலாளன் இல்லை. கீழே வந்து சான்றிதழ் கேட்காதீர்கள். ஆனால் நீராவியில் ஓடிய எரிவாயு ஏற்றும் கப்பலொன்றில் ஆறு வருஷம் ஒயிலராக, அதாவது இயந்திரங்களுக்கு எண்ணெய் விடுபவனாக, நின்றவன். எங்கள் கொதிகலனில் எண்ணெய் எரிந்தது; அவர்களிடம் யுரேனியம் பிளந்து சூடு தருகிறது. உலைக்குள் ஓடும் தண்ணீரைக் கடும் அழுத்தத்தில் வைத்திருப்பதால் அது கொதிக்காது. அதன் சூடு குழாய்ச் சுவர் வழியாக வேறொரு தண்ணீருக்குப் போக, அதுதான் ஆவியாகும். அதற்குப் பிறகு பெரும்பாலும் டர்பைன், கியர், புரொப்பெல்லர். நான் எண்ணெய் விட்ட அதே சாமான்கள்தான். எதுவும் எரியாததால் காற்றும் தேவையில்லை. 1958இல் நோட்டிலஸ் நீர்மூழ்கி வடதுருவப் பனிக்கு அடியால் போனது அப்படித்தான்.

இதையே 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது யாழ்ப்பாணம் குருநகரில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்று சொல்லி நன்றாக வாங்கிக் கட்டினேன். அண்ணையின் வள்ளத்துக்காக, பெயின்ரால் பெயர் எழுதிய இரண்டு மஞ்சள் கான்களோடு விடியற்காலையிலிருந்து நிற்கிறேன். பேச்சு கப்பல் பக்கம் திரும்பியது. அமெரிக்காவின் நிமிட்ஸ் என்ற அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலுக்கு ஐம்பது வருஷ ஆயுளில் ஒரே ஒரு முறைதான் எரிபொருள் மாற்றுவார்கள் என்றேன். முன்னால் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்தார். "உவன் என்ன பேய்க்கதை கதைக்கிறான்? அப்ப அதில ஒண்டை எங்கட மீனவர் சங்கத்துக்கும் வாங்கித் தாவன்." வரிசை முழுக்கச் சிரிப்பு.

வாங்கினாலும் கட்டாது, ஐயா. சவன்னா என்று சரக்குக் கப்பல் ஒன்றை அமெரிக்கர்களே அணுசக்தியில் ஓட்டிப் பார்த்தார்கள். நட்டம். 1970களின் தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். கடற்படைக்குச் செலவுக் கணக்கு வேறு.

அன்று எனக்கு முன்னால் பதினொரு பேர் இருக்கும்போது எண்ணெய் முடிந்துவிட்டது. பட்டியலில் இல்லாத இரண்டு பேர் பின்கதவால் கான் நிரப்பிக்கொண்டு போனதை நான் கண்ணால் பார்த்தேன். கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது. அதற்குப் பிறகு வரிசையே இல்லை. அண்ணையின் வள்ளம் கரையில் கிடந்தது.