அம்மாவுக்கு செக்யூரிட்டி செக்னா பயம், என்ன பண்றது?

கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அம்மாவுக்கு 64 வயசு, அடுத்த மாசம் பெங்களூர்ல இருந்து டெல்லிக்கு முதல் தடவையா ஃப்ளைட்ல போறாங்க, ஆனா ஒரு மால் வாசல்ல மெஷின் பீப் அடிச்சு எல்லாரும் திரும்பிப் பாத்ததுல இருந்து "நான் வரலடா, ரயில்லயே போறேன்"ங்கறாங்களாம், அப்பா வேற மாம்பழக் கூழ் (பல்ப்) டின்னு எடுத்துட்டுப் போயே ஆகணும்ங்கறாராம்.

தம்பி, பல வருஷமா பொது இடங்களுக்கு போர்டு, க்யூ டிசைன் பண்ற வேலைல இருக்கேன், அதுல பாத்த வரைக்கும் சொல்றேன். அம்மாவுக்கு பயம் மெஷின் மேல இல்ல. அடுத்து என்ன நடக்கும்னு தெரியாம நாலு பேர் முன்னாடி நிக்கறதுதான் பயம். பெங்களூர்ல 2022 நவம்பர்ல திறந்த டெர்மினல் 2ல மூங்கில் கூரை, தொங்குற செடி எல்லாம் வெச்சிருக்காங்க, பாத்தாலே மனசு கொஞ்சம் அடங்கும், ஆனா சாமானை மெஷினுக்குள்ள கொண்டு போற பெல்ட்டு முன்னாடி ட்ரே கையில வந்ததும் முழிக்கிறவங்களுக்கு செடி உதவாது, எதை எங்க வைக்கணும்னு கண்ணு மட்டத்துல ஒரு படம் இருந்தாதான் உதவும். அமெரிக்காவுல அட்லாண்டாவுல 2016ல ஒரே நேரத்துல பல பேர் தனித்தனியா ட்ரே நிரப்புற மாதிரி லேன் போட்டாங்க, மெதுவா எடுத்து வெக்கறவங்க பின்னாடி மொத்த வரிசையும் காத்துக்கிட்டு நிக்க வேண்டியதில்ல. பின்னாடி இருக்கவங்க அவசரப்படுத்தலன்னாலே பாதி படபடப்பு போயிடும்.

ஏர்போர்ட்டை நாம மாத்த முடியாது, ஆனா ஒத்திகை பாக்கலாம். வீட்ல ஒரு தாம்பாளத்தை எடுங்க, அதுதான் ட்ரே. அம்மா கைப்பை, போன், சுருக்குப்பை எல்லாத்தையும் அதுல வெச்சு தள்ளிவிட்டுட்டு கதவு நிலைக்குள்ள நடந்து வந்து, கைய விரிச்சு நிக்கட்டும், நீங்க ஒரு கரண்டிய ஸ்கேனர் மாதிரி கிட்ட கொண்டு போங்க. சிரிப்பா இருக்கும், பரவால்ல, ரெண்டு தடவை பண்ணுங்க. முக்கியமா இதைச் சொல்லிடுங்க: நம்ம ஊர் ஏர்போர்ட்ல பீப் அடிச்சாலும் அடிக்கலைனாலும் எல்லாரையும் கை ஸ்கேனர் வெச்சுப் பாப்பாங்க, பொம்பளைங்களுக்குத் தனியா திரை போட்ட இடம், உள்ள பெண் காவலர்தான். தாலி, மெட்டி, கொலுசு இருந்தா சத்தம் வரும், அதைக் கழட்டச் சொல்லுவாங்களோன்னு பதற வேண்டாம், "தாலிம்மா"ன்னா போதும், அவங்களுக்கு தினமும் நூறு தாலி. அப்பாவுக்கு வெள்ளி அரைஞாண் இருந்தாலும் இதே கதைதான். ஊக்கு கொத்தா மாட்டியிருந்தா மட்டும் வீட்லயே கழட்டி வெச்சிடுங்க.

ஆம்பளைங்க வரிசை வேற, பொம்பளைங்க வரிசை வேற, அங்கதான் அம்மா உங்களைப் பிரிஞ்சு போவாங்க, அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் இவ்ளோ ஒத்திகையும். "முடிச்சிட்டு பெல்ட்டு கடைசில ட்ரே வர்ற எடத்துல நிக்கறேன்"னு முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க. முட்டி வலி இருந்தா டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுடுங்க, கூட ஒரு ஆள் கடைசி வரைக்கும் வருவார்.

பல்ப் டின்னு கவுன்டர்லயே குடுத்துடற செக்-இன் பெட்டில போகட்டும், நல்லா துணி சுத்தி. பவர் பேங்க் அதுல கூடாது, கைப்பைலதான். கொப்பரை ரெண்டுலயும் வேண்டாம், அதுல எண்ணெய் இருக்கறதால தீப்பிடிக்கும்.

கிருஷ்ணகிரில இருந்து பெங்களூர் ஏர்போர்ட் இருக்கற தேவனஹள்ளிக்கு ஓசூர், அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி ட்ராஃபிக் எல்லாம் தாண்டணும், லேட்டா கிளம்பி வேர்த்துப்போய் வரிசைல நின்னா எந்த ஒத்திகையும் நிக்காது, அதனால தாராளமா நேரம் வெச்சுக் கிளம்புங்க.

இன்னொன்னு. அமெரிக்காவுல மில்வாக்கி ஏர்போர்ட்ல 2008ல செக்யூரிட்டி தாண்டினதும் நாற்காலி போட்டு, கலைஞ்சு போனவங்க திரும்ப சரி பண்ணிக்கற இடம்ங்கற அர்த்தத்துல ஒரு போர்டு மாட்டினாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச டிசைன் அது. பெல்ட்டு பக்கத்துலயே நின்னு வாட்ச் கட்டாம, முதல்ல கெடைக்கற சேர்ல அம்மாவ உக்கார வெச்சு, ஒரு வாய் தண்ணி குடுத்து, போன், பர்ஸ், ஆதார் கார்டு மூணும் இருக்கான்னு பாத்துட்டு, அப்பறமா கேட் நம்பரைத் தேடுங்க.