பழைய இனிப்புக் கடைகளும் கோவில்களும் ஒரே பயணத்தில்: ஏன் கொல்கத்தா?

கேள்வி: இந்தியாவுக்குள் சுற்றுலா செல்லும்போது பெயர்பெற்ற பழைய இனிப்புக் கடைகளையும் இந்துக் கோவில்களையும் சேர்த்துப் பார்க்க விரும்பினால் எந்த ஊருக்குப் போகலாம்? எப்படித் திட்டமிடலாம்?

தமிழ்நாட்டுக்குள் என்றால் பதில் எளிது. நெல்லையப்பரைத் தரிசித்துவிட்டுக் கீழ ரத வீதியில் இருட்டுக்கடை அல்வாவுக்கு வரிசையில் நிற்கலாம். ஆண்டாளைச் சேவித்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா வாங்கலாம். இவை நம்மில் பெரும்பாலோர் ஏற்கெனவே செய்பவை என்பதால், வெளிமாநிலத்தில் ஓர் ஊரைச் சொல்கிறேன்: கொல்கத்தா. காசியையோ மதுராவையோ சொல்லாததற்குக் காரணம் உண்டு. அவ்வூர்களில் கோவில் மரபு மிகப் பழையது, இனிப்புக் கடை அதன் நிழலில் பின்னாளில் வந்து சேர்ந்தது. கொல்கத்தாவிலோ புகழ்பெற்ற இனிப்புக் கடைகளும் பெரிய காளி கோவில்களும் ஏறத்தாழ ஒரே நூற்றாண்டில், ஆங்கிலேயர் காலத்து வணிகத்தால் வளர்ந்த நகரத்துச் செல்வத்தில் எழுந்தவை. காளிகாட் கோவிலின் இப்போதைய கட்டடம் 1809ஆம் ஆண்டினது, பீம் சந்திர நாக் கடை 1826, கிரீஷ் சந்திர தே, நகூர் சந்திர நந்தி ஆகிய இருவரின் பெயரில் நடக்கும் கடை 1844, தட்சிணேஸ்வரம் காளி கோவில் 1855, பாக்பஜாரில் நவீன் சந்திர தாஸ் ரசகுல்லாவை உருவாக்கியதாகக் கொல்கத்தாக்காரர்கள் சொல்லும் ஆண்டு 1868. ஆகவே அங்கே ஒன்றைப் பார்ப்பது மற்றொன்றைப் புரிந்துகொள்ள உதவுகிறது. கோவிலுக்கு ஒரு நாள், சாப்பாட்டுக்கு ஒரு நாள் என்று பிரித்துக்கொள்ள வேண்டியதில்லை.

போக்குவரத்தும் இதற்கு ஏற்றதாக அமைந்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் தட்சிணேஸ்வரம் வரை நீட்டிக்கப்பட்டதிலிருந்து, வடக்கே அந்தக் கோவிலில் தொடங்கி, கிரீஷ் பார்க், சென்ட்ரல், ஜதின் தாஸ் பார்க் வழியாகத் தெற்கே காளிகாட் வரை, நான் கீழே சொல்லப்போகும் இடங்களில் பெரும்பாலானவை ஒரே தடத்தில் வந்துவிடுகின்றன. சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் இறங்குபவர்கள், 2024இல் திறக்கப்பட்ட, ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் செல்லும் மெட்ரோவில் எஸ்பிளனேடு வந்து இந்தத் தடத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

தொடங்க வேண்டிய இடம் தட்சிணேஸ்வரம், நேரம் விடியற்காலை. செவ்வாய், சனிக்கிழமைகளில் கூட்டம் மிகுதி. ஜனவரி 1 ராமகிருஷ்ண பரமஹம்சரின் நினைவாகக் கொண்டாடும் கல்பதரு நாள் என்பதால் அன்று கோவிலை நெருங்குவதே கடினம். ராணி ராசமணி என்னும் செல்வந்தர், கைம்பெண்ணாக இருந்து குடும்பச் சொத்தை நிர்வகித்தவர், 1847இல் தொடங்கி எட்டு ஆண்டுகளில் கட்டிமுடித்த கோவில் இது. 1855 மே 31 அன்று பவதாரிணி என்னும் காளியின் பிரதிஷ்டை நடந்தது. அவர் உயர்சாதியினர் அல்லர் என்பதால் அவர் கட்டிய கோவிலில் பூசை செய்யவும் அன்னம் ஏற்கவும் பிராமணர்கள் தயங்கிய நிலையில், ராமகுமார் சட்டோபாத்யாயர் அர்ச்சகராக வந்தார். அவருடன் வந்த தம்பியே பிற்காலத்தில் ராமகிருஷ்ண பரமஹம்சர் என்று உலகறியப்பட்டவர். கோபுரத்தையும் கருங்கல் மண்டபத்தையும் எதிர்பார்த்துச் செல்லும் நமக்கு அங்குள்ள அமைப்பு முற்றிலும் புதிது. கல் கிடைக்காத வண்டல் நிலம் அது. ஆகவே செங்கல்லும் சுண்ணாம்பும்தான் கட்டுமானப் பொருள்கள். மூங்கில் குடிசையின் வளைந்த கூரையைச் செங்கல்லில் வடித்து, அதன்மேல் ஒன்பது சிகரங்களை அடுக்கியிருக்கிறார்கள். ஆற்றங்கரையோரம் ஒரே அளவில் வரிசையாக நிற்கும் பன்னிரண்டு சிவன் கோவில்களைப் படித்துறையிலிருந்து பார்ப்பதுதான் சிறந்த கோணம் என்பது என் கருத்து. முற்றத்திலிருந்து பார்த்தால் அந்த வரிசையின் அழகு பாதிதான் தெரியும்.

நிலையத்திலிருந்து கோவிலுக்குச் செல்லும் ஆகாய நடைபாதையின் இரு பக்கமும் பூசைத்தட்டுக் கடைகள் உள்ளன. தட்டில் சிவப்புச் செம்பருத்தி மாலை, ஊதுவத்தி, ஒரு சிறு கூடையில் பேடா ஆகியவை இருக்கும். தட்டு வாங்குபவர்களின் செருப்பை வழக்கமாக அக்கடைக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். இந்தப் பேடா, பாலைச் சுண்டக் காய்ச்சிய கோவாவில் செய்தது; நம் நாக்குக்கு அறிமுகமான சுவைதான். அதைப் பிரசாதமாக மகிழ்ச்சியோடு உண்ணுங்கள். ஆனால் வங்காளத்து இனிப்பு இவ்வளவுதான் என்று அங்கேயே முடிவு கட்டிவிடாதீர்கள். நகரத்துப் பழைய கடைகளின் பெருமை வேறொரு பொருளில் இருக்கிறது. கொதிக்கும் பாலில் புளிப்பைச் சேர்த்துத் திரியவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்தெடுக்கும் சானாதான் அப்பொருள். பால் திரிந்தாலே அபசகுனம் என்று முகம் சுளிக்கும் வீடுகளில் வளர்ந்த நமக்கு, ஒரு மாநிலமே பாலை வேண்டுமென்று திரித்து அதிலிருந்து தன் அடையாளத்தையே உருவாக்கிக்கொண்டது வியப்பாகத்தான் இருக்கும். இந்தப் பழக்கம் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தது என்று பரவலாகச் சொல்கிறார்கள். உணவு வரலாற்றை ஆராய்பவர்களில் இதை மறுப்போரும் உண்டு.

தட்சிணேஸ்வரத்திலிருந்து படகில் எதிர்க்கரையிலுள்ள, ராமகிருஷ்ண மடத்தின் தலைமையிடமான பேலூர் மடத்துக்குச் செல்லலாம். 1938இல் திறக்கப்பட்ட அந்தக் கோவில் அமைதியான இடம், ஆனால் நண்பகலில் மூடிவிடுவார்கள். பெரும்பாலான கோவில்களிலும் மதியம் நடை சாத்தியிருக்கும் என்பதால் அந்த இடைவேளையை இனிப்புக் கடைகளுக்கு ஒதுக்கிக்கொள்வதே சரியான திட்டம்.

முதலில் பௌபஜாருக்குச் செல்லுங்கள். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். அங்கே ஃபிரிங்கிக் காளி கோவில் (ஃபிரிங்கி என்றால் பரங்கி, அதாவது ஐரோப்பியர்) என்று ஒரு சிறிய கோவில் இருக்கிறது. போர்ச்சுக்கீசிய வழியில் வந்தவரும், வங்காளியில் மேடைப்போட்டிப் பாடல்கள் பாடிப் புகழ்பெற்றவருமான ஆண்டனி என்பவரின் பெயரோடு இணைத்துப் பேசப்படுவதால் அதற்கு அந்தப் பெயர். கட்டடத்தில் பெரிதாக ஒன்றுமில்லை, பத்து நிமிடம் போதும். ஆனால் அங்கிருந்து சற்று நடந்தால் நிர்மல் சந்திர தெருவில் பீம் நாக் கடை வந்துவிடுகிறது. போர்ச்சுக்கீசியரோடு தொடர்புபடுத்தப்படும் சானா இனிப்பும், போர்ச்சுக்கீசியரை நினைவூட்டும் பெயர் தாங்கிய காளியும் அடுத்தடுத்து அமைந்திருப்பதை நான் எப்போதும் இரசிப்பேன். அந்தக் கடையில் சுவரை நிமிர்ந்து பாருங்கள்: குக் அண்ட் கெல்வி நிறுவனத்தின் பழைய கடிகாரம் ஒன்று தொங்குகிறது, அதன் எண்கள் வங்காள எழுத்தில் உள்ளன. கடைப் பணியாளர்களுக்கு ஆங்கில எண் தெரியாது என்று கேட்ட ஆங்கிலேய வணிகர் தனியாகச் செய்து தந்தது என்பது அங்கே சொல்லப்படும் கதை. கவர்னர் ஜெனரல் கேனிங்கின் மனைவி பெயரில் வழங்கும் லெடிகெனி என்னும் பொரித்த சானா உருண்டையையும் இந்தக் கடையோடு சேர்த்தே சொல்வார்கள். அந்த அம்மையாரும் ராணி ராசமணியும் மறைந்தது ஒரே ஆண்டில், 1861இல்.

நேரம் குறைவாக இருந்து ஒரே ஒரு கடைக்குத்தான் போக முடியும் என்றால், என் தேர்வு கிரீஷ் பார்க் நிலையத்துக்கு அருகே ராம்துலால் சர்க்கார் தெருவில் உள்ள நகூர் கடை. ரசகுல்லாவோ இனிப்புத் தயிரோ அங்கே தேடாதீர்கள். அது சந்தேஷுக்கென்றே உள்ள கடை. உட்கார இருக்கையும் கிடையாது. வாடிக்கையாளர்கள் நடைபாதையில் நிற்க, இரும்புக் கம்பிகளுக்கு இடையே இனிப்பு வெளியே வரும். சந்தேஷ் செய்யும் முறை எளியதாகத் தோன்றினாலும் கைத்திறன் முழுவதும் அடுப்பில்தான் இருக்கிறது. நீர் வடிந்த சானாவை மரப்பலகையில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தேய்த்து மசித்து, சர்க்கரையோ வெல்லமோ சேர்த்து, இளந்தீயில் மரத்துடுப்பால் விடாமல் கிளறுவார்கள். சீக்கிரம் இறக்கினால் ஈரமும் மென்மையும் உள்ள நொரம் பாக். இன்னும் சற்று வற்றவிட்டால் கெட்டியான கொரா பாக். பின்னர் சூடு ஆறுவதற்குள் சங்கு, மீன், மாங்காய் முதலிய வடிவங்கள் செதுக்கிய அச்சுகளில் விரலால் அழுத்தி எடுப்பார்கள். நன்றாக அழுத்தப்பட்ட துண்டில் மீனின் செதில்கூடத் தெளிவாக விழுந்திருக்கும். ஜொல்பரா என்பதைக் கடிக்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை, நடுவில் நிரப்பியுள்ள பாகு சட்டையில் தெறிக்கும். சந்தேஷில் இனிப்பு குறைவு, நெய் மணம் இல்லை. நெய் சொட்டும் அல்வாவுக்குப் பழகியவர்களுக்கு முதல் துண்டு ஏமாற்றமாகத் தோன்றலாம். இரண்டாவது துண்டையும் சாப்பிட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். சாக்லேட் சந்தேஷ் போன்ற புதுமைகளும் கிடைக்கின்றன; எனக்கு அவற்றில் ஈடுபாடில்லை.

மாலையில் நடை திறந்ததும் அருகேயுள்ள தன்தனியா காளி கோவிலுக்கு நடந்தே செல்லலாம். ராமகிருஷ்ணர் வந்து பாடிய இடம் என்று அதைப் போற்றுகிறார்கள். அவர் இனிப்புப் பிரியர். தெருவில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் வைசிராயின் வண்டிக்கு வழி கிடைப்பது போல, வயிறு நிறைந்திருந்தாலும் ஜிலேபிக்கு இடம் கிடைத்துவிடும் என்று அவர் வேடிக்கையாகச் சொன்னதாக அடியவர்கள் சொல்வதுண்டு.

தெற்கே காளிகாட்டை இன்னொரு நாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சக்தி பீடங்களுள் ஒன்றாகக் கருதப்படும் இக்கோவில், கங்கையின் பழைய தடமாகிய ஆதிகங்கையின் கரையில் உள்ளது. கருங்கல் திருமுகத்தில் மூன்று பெரிய கண்களும், நீண்டு தொங்கும் பொன் நாக்குமாக இருக்கும் அந்த அம்மன், நம்மூர்க் காளிகளுக்கு உறவினள் போலவும் முற்றிலும் அந்நியள் போலவும் ஒரே சமயத்தில் தோன்றுவாள். இரண்டு செய்திகளை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. இங்கே ஆட்டுப்பலி இன்றும் உண்டு. குழந்தைகளோடும் சைவ உணவுக்காரப் பெரியவர்களோடும் செல்பவர்கள் பலிபீடம் உள்ள பக்கத்தைத் தவிர்த்துக்கொள்ளலாம். விரைவாகத் தரிசனம் செய்துவைப்பதாக அணுகும் பண்டாக்கள் என்னும் கோவில் வழிகாட்டிகளிடம் பணிவாக மறுத்துவிட்டுப் பொது வரிசையில் நிற்பதே நல்லது. வேண்டுமென்று தோன்றினால் தொகையை முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். தரிசனத்துக்குப் பிறகு பவானிப்பூரில் 1885 முதல் நடந்துவரும் பலராம் மல்லிக் கடைக்குச் சென்றால், அடுப்பில் சுட்டெடுத்த ரசகுல்லா கிடைக்கும். புதுமைகளைப் பற்றி மேலே நான் சொன்னதற்கு இது விலக்கு. அந்தப் பகுதியிலிருந்து சற்றுத் தெற்கே லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்வதால், இனிப்பு திகட்டியவர்களுக்கு இட்லியும் வடிகட்டிய காப்பியும் தூரத்தில் இல்லை.

பருவத்தைப் பொறுத்தவரை டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி தொடக்கம் வரை செல்வதே சிறப்பு. ஈச்ச மரத்தைச் சீவி, நாம் பதநீர் இறக்குவது போல இரவெல்லாம் பானையில் சேர்க்கும் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் புது வெல்லமான நொலென் குர் அப்போதுதான் நல்ல மணத்தோடு கிடைக்கும். அந்த வெல்லத்தில் செய்த சந்தேஷ் இளம்பழுப்பு நிறத்தில் லேசான புகைமணத்தோடு இருக்கும். வெயில் காலத்தில் அதே பெயரில் விற்பதை வாங்கி ஏமாற வேண்டாம். கோவில் முற்றங்களில் வெறுங்காலோடு நிற்பதற்கும் குளிர்காலமே தோது.

ரசகுல்லாவைப் பற்றி ஒரு சொல். அது யாருடையது என்ற வழக்கில் வங்காளம் 2017 நவம்பரிலும் ஒடிசா 2019 ஜூலையிலும் தத்தம் வகைக்குப் புவிசார் குறியீடு பெற்றுவிட்டன; ஆகவே இரு தரப்பும் வென்றதாகவே சொல்லிக்கொள்கின்றன. ஒடிசாவின் வாதம் கோவிலையே சார்ந்தது. பூரியில் தேர்த்திருவிழா முடிந்து ஜகந்நாதர் திரும்பும் நீலாத்ரி பிஜே நாளில், தன்னை விட்டுச் சென்றதற்காகச் சினந்து கதவடைக்கும் லட்சுமியைச் சமாதானப்படுத்த அவர் ரசகுல்லா தருகிறார். ஸ்ரீரங்கத்துப் பங்குனி மட்டையடியைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊடல் விளக்கமின்றியே புரியும். ஹவுரா மெயில் புவனேஸ்வரம், குர்தா ரோடு வழியாகவே செல்வதால், திரும்பும் வழியில் இறங்கி ஒரு நாளைப் பூரிக்கு ஒதுக்க விரும்புபவர்கள் தாராளமாக ஒதுக்கலாம். அங்கே வாங்க வேண்டியது, எளிதில் கெடாத காஜா என்னும் பொரித்த இனிப்பு.

ஊருக்கு எடுத்துவருவதற்கு நொரம் பாக் வகைகளை வாங்காதீர்கள். அவை அன்றே உண்ண வேண்டியவை. தயிர்ப் பானையும் ரயில் பயணத்துக்கு ஒத்துவராது. டின்னில் அடைத்த ரசகுல்லாவைச் சுமந்து வரவும் அவசியமில்லை. நவீன் சந்திர தாஸின் வழிவந்த கே.சி. தாஸ் கடை பெங்களூரிலேயே பல ஆண்டுகளாக இருக்கிறது. கொரா பாக் சந்தேஷைப் புறப்படும் நாளன்று வாங்கி, அட்டைப்பெட்டியிலேயே வைத்து, காற்றோட்டமான பையில் மேலாக வைத்துக்கொண்டால், குளிர்காலத்தில் சென்னை வரை நன்றாக இருக்கும். எவ்வளவு நேரம் தாங்கும் என்று கடையில் கேட்டால் அவர்களே சொல்வார்கள்.